ஒட்டுண்ணி அட்டை கட்டிய பிறகும் கரும்பில் இடைக்கணுப் புழு இருப்பது ஏன்?

கேள்வி: ஐந்து மாதக் கரும்பில் இடைக்கணுப் புழுவுக்காக டிரைக்கோகிரம்மா அட்டை ஒரு முறை கட்டினேன். பத்து நாள் கழித்துக் கணுவைப் பிளந்து பார்த்தால் புழு உயிரோடு இருக்கிறது. இனி மருந்து தெளித்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து தெளிக்க வேண்டாம். டிரைக்கோகிரம்மா ஒரு முட்டை ஒட்டுண்ணி. ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத இந்தக் குளவி, தாய் அந்துப்பூச்சி இலையில் இட்ட முட்டைக்குள் தன் முட்டையைச் செலுத்துகிறது. உள்ளே பொரிக்கும் குளவிக்குஞ்சு அந்த முட்டையின் கருவைத் தின்றே வளர்வதால், புழு வெளிவர வேண்டிய இடத்திலிருந்து குளவிதான் வெளிவரும். கணுவுக்குள் நுழைந்துவிட்ட புழுவை அது ஒன்றும் செய்யாது. எனவே நீங்கள் பிளந்து பார்க்க வேண்டியது கணுவை அல்ல. இலைகளில் உள்ள முட்டைக் குவியல்களைத் தேடிப் பாருங்கள். பொரிக்கும் தறுவாயில் உள்ள நல்ல முட்டையிலும் புழுவின் தலை ஒரு கரும்புள்ளியாகத் தெரியும் என்பதால் ஏமாந்துவிடக் கூடாது. ஒட்டுண்ணி தாக்கிய முட்டை முழுவதுமே கருத்திருக்கும்.

ஒரு முறை கட்டியது போதாது. அந்துப்பூச்சிகள் மாதக்கணக்கில் முட்டையிட்டுக்கொண்டிருக்க, குளவியோ சில நாள்களே உயிர்வாழ்கிறது. அதனால்தான் நான்காம் மாதம் முதல் 15 நாள் இடைவெளியில் ஆறு முறை, ஒவ்வொரு முறையும் எக்டேருக்கு 2.5 சிசி அளவில் விடப் பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு சிசி என்பது, உள்ளே குளவி வளரும் ஏறத்தாழ 20,000 பூச்சி முட்டைகள் ஒட்டிய அட்டை. குளவி வெகுதூரம் பறக்காது. அட்டையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, வயல் முழுவதும் பரவலாக, வெயிலும் மழையும் நேரடியாகப் படாதபடி இலையின் அடிப்பக்கத்தில், மாலை வேளையில் பொருத்துங்கள். எறும்பு மொய்க்கும் தூர்களைத் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் குளவி வெளிவருவதற்குள் எறும்புகள் அட்டையைக் காலி செய்துவிடும்.

இப்போது பூச்சிக்கொல்லி தெளித்தால் கணுவுக்குள் பதுங்கிய புழு பெரும்பாலும் தப்பிவிடும், வெளியே திரியும் குளவிதான் மடியும். அதற்குப் பதிலாக, ஐந்தாம் மாதத் தோகை உரிப்பை (காய்ந்த இலைகளை அகற்றுவதை) உடனே முடித்துவிட்டு அடுத்த அட்டையைக் கட்டுங்கள். கட்டிய ஒரு வாரத்தில் கைக்கண்ணாடி கொண்டு அட்டையைப் பாருங்கள்: கருத்த முட்டைகளில் வட்டத் துளை இருந்தால் குளவி வெளிவந்துவிட்டது, துளையே இல்லையென்றால் அந்த அட்டை வழியிலேயே வெப்பத்தில் கெட்டிருக்கலாம், புதிய அட்டை வாங்கிக் கட்டுங்கள்.