பராக்குப் பார்த்துக்கொண்டே பால் குடிக்கும் பிள்ளை: கேள்வி பதில்

கே: அக்கா, என் மகனுக்கு நாலரை மாதம். இரண்டு வாய் குடித்ததும் ஃபேனைப் பார்க்கிறான், யாராவது பேசினால் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறான். பால் பத்தவில்லை, புட்டிப்பால் கொடு என்கிறார் மாமியார். கொடுக்கலாமா?

ப: அவசரப்படாதீர்கள். பிறந்த புதிதில் உங்கள் முகம் வரைக்கும்தான் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இப்போது அறையே தெரிகிறது, அதனால்தான் இந்தப் பராக்கு. நாலு முதல் ஆறு மாதத்தில் ரொம்பப் பிள்ளைகள் இப்படித்தான். குடிக்கும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். முன்பு அரை மணி நேரம் குடித்த பிள்ளை இந்த வயதில் 5, 10 நிமிடத்தில் முடித்துவிடும். ஒரு நாளில் 6 தடவையாவது நன்றாகச் சிறுநீர் போகிறானா, எடை ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் சரி என்றால் புட்டிப்பால் வேண்டவே வேண்டாம். மார்பிலிருந்து பால் எடுக்க எடுக்கத்தான் சுரக்கும். ஒரு வேளைக்குப் புட்டியைப் பழக்கினால் அந்த அளவுக்குச் சுரப்பு குறையும், இல்லாத குறையை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

டிவியை நிறுத்தி, செல்போனைத் தள்ளி வைத்து, அறையை இருட்டாக்கிக் கொடுங்கள். தூங்கி எழுகிற அரைத் தூக்கத்தில் கொடுத்தால் இன்னும் நல்லது. அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் வயிறு நிறையக் குடிக்கும்.

கே: கூட்டுக் குடும்பம், தனி அறை கிடையாது. என்ன செய்வது?

ப: சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கொடுங்கள். கை சும்மா இருக்காது என்றால் தாலிச் சரடையோ முந்தானை நுனியையோ பிடித்துக்கொள்ள விடுங்கள். "பத்து நிமிஷம் யாரும் கூப்பிடாதீங்க" என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

கே: வேலைக்குப் போகிறேன். பகலில் பீய்ச்சி வைத்த பாலைக் கொஞ்சம்தான் குடிக்கிறாள், ராத்திரி முழுக்கக் கேட்கிறாள்.

ப: பகல் பாக்கியை ராத்திரி வசூலிக்கிறாள், அவ்வளவுதான். கிளம்பும் முன்பும் வீடு வந்ததும் முதல் வேலையாகக் கொடுங்கள். அப்புறம் ராத்திரி மெல்லக் குறையும்.

கே: தலையைத் திருப்பும்போது காம்பையும் சேர்த்து இழுக்கிறான். உயிர் போகிறது!

ப: நீங்களும் இழுக்காதீர்கள். சுண்டு விரலை வாயோரமாக நுழைத்தால் பிடி விட்டுவிடும்.

கே: எட்டு மாதம். நேற்றிலிருந்து அடியோடு குடிக்க மறுக்கிறான். தானே பாலை மறந்துவிட்டானா?

ப: ஒரு வயதுக்குள் பிள்ளை தானாகப் பால் மறப்பது அபூர்வம். இது பராக்கும் இல்லை. மூக்கடைப்பு, காதுவலி, வாயில் வெண்மையான படலம், முளைக்கிற பல் என்று ஏதோ ஒன்று தொந்தரவு செய்கிறது. கட்டாயப்படுத்தி மார்பில் அழுத்தாதீர்கள், அதற்கே பயந்து இன்னும் மறுப்பான். வெறும் மேலோடு மார்பில் போட்டுக்கொண்டு படுங்கள், தூக்கக் கலக்கத்தில் கொடுத்துப் பாருங்கள். அதுவரை பாலைப் பீய்ச்சி, பாலாடையிலோ ஸ்பூனிலோ புகட்டுங்கள். நேரம் தவறாமல் பீய்ச்சினால் சுரப்பும் நிற்காது, பால் கட்டவும் கட்டாது. சிறுநீர் குறைந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ அன்றைக்கே குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.