ஒரே பெட்டியில் தேனும் தெண்டமும்: மீதி நாலு பாட்டிலை என்ன செய்வது?

கேள்வி: 2014ஆம் ஆண்டு மெர்சோ வெள்ளை ஒயின் ஆறு பாட்டில் ஒரே பெட்டியாக வாங்கினேன். போன வருடம் திறந்த பாட்டில் பிரமாதம். தேனும் வறுத்த கொட்டையுமாக மணந்தது. போன மாதம் இன்னொன்றைத் திறந்தால் பழுப்பேறி, அடிபட்ட ஆப்பிள் வாடை. நான் வைத்திருந்த விதம் தவறா? மீதி நான்கையும் இன்னும் ஐந்து வருடம் வைக்கலாமா? "வைக்க வைக்க மதிப்பு ஏறும்" என்கிறார் விற்றவர்.

பதில்: வைக்காதீர்கள். நான்கையும் ஒரு வருடத்துக்குள் குடித்துவிடுங்கள்.

உங்கள் மேல் தவறு இருப்பதாகத் தெரியவில்லை. அலமாரியில் சூடு ஏறியிருந்தால் பெட்டி மொத்தமும் ஏறக்குறைய ஒரே மாதிரி கெட்டிருக்கும். ஒன்று பிரமாதம், ஒன்று பாழ் என்றால் சந்தேகம் முதலில் கார்க் மேல்தான் விழும். கார்க் என்பது மரப்பட்டை. இரண்டு துண்டு ஒன்றுபோல் இருக்காது. ஒன்று காற்றைக் கொஞ்சம் விடும், ஒன்று கூடுதலாக விடும். பத்து வருடத்தில் அந்தச் சிறு வித்தியாசம்தான் நீங்கள் பார்த்தது. சிவப்பு ஒயினுக்குத் தோலிலிருந்து வரும் துவர்ப்பு ஒரு கவசம். வெள்ளைக்கு அது கிடையாது. புளிப்பையும், சேர்க்கிற சொற்பக் கந்தக டை ஆக்சைடையும் நம்பித்தான் காலம் தள்ள வேண்டும்.

பிரான்சில் உங்கள் மெர்சோ விளையும் பர்கண்டி வட்டாரத்துக்கு இது பழைய தலைவலி. 1995, 1996 அறுவடைகளில் தொடங்கி, பல வருடம் தாங்க வேண்டிய வெள்ளை ஒயின்கள் அதில் பாதிக் காலத்துக்குள்ளேயே படுத்துவிட்டன. கார்க், கந்தகத்தைக் குறைத்தது, பீப்பாயில் வண்டலை ஓயாமல் கிளறியது, திராட்சையை மிருதுவாகப் பிழியும் புது இயந்திரங்கள் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. இதுதான் என்று ஒன்றில் வந்து முடியவில்லை. ஒயின்காரர் கார்க்காரரைக் கைகாட்ட, கார்க்காரர் ஒயின்காரரைக் கைகாட்ட, நடுவில் காசு கொடுத்தவர் ஏமாந்ததுதான் மிச்சம்.

சரி, எதை முதலில் திறப்பது? நான்கையும் வரிசையாக நிறுத்தி, கழுத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சைக் கண்ணாடியானாலும் வித்தியாசம் தெரியும். எது அதிகம் கறுத்திருக்கிறதோ, எதில் ஒயின் மட்டம் இறங்கியிருக்கிறதோ அதை முதலில் எடுங்கள். திறந்ததும் வாசனை ஒன்றுமே வராவிட்டால் உடனே கொட்டிவிடாதீர்கள். ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். வாய்மூடிக் கிடக்கும் ஒயின் காற்றுப் பட்டு மெல்ல விரியும். செத்த ஒயினில் அந்த ஆப்பிள் வாடை இன்னும் கூடத்தான் செய்யும். அடியில் கண்ணாடித்தூள் போல மின்னினால் பயப்பட வேண்டாம், அது ஒயினின் புளிப்பு உப்பு உறைந்தது.

வெள்ளை ஒயின் எதையுமே வைக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கில் செமியோன் திராட்சையில் செய்யும் வெள்ளை ஒயின் என் செல்லப்பிள்ளை. திராட்சையை முன்கூட்டியே பறித்துவிடுவார்கள். ஆல்கஹால் 10, 11 விழுக்காடுதான்; பெரும்பாலும் ஓக் பீப்பாய் வாடையே படாது. இளசாகக் குடித்தால் எலுமிச்சம்பழத்தைத் தண்ணீரில் பிழிந்த மாதிரி இருக்கும், இதற்கா இந்தப் பேச்சு என்று தோன்றும். பத்து வருடம் கழித்து அதே ஒயினில் சுட்ட ரொட்டியும் தேனும் மணக்கும். பீப்பாயில் கிடந்ததுதான் என்று சத்தியம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அத்தனையும் பாட்டிலுக்குள்ளேயே நடப்பது. இப்போது பெரும்பாலும் திருகுமூடியில் வருவதால் பாட்டிலுக்குப் பாட்டில் இந்தச் சூதாட்டமும் குறைவு. ரீஸ்லிங் திராட்சையில் செய்த நல்ல வெள்ளை ஒயினும் இப்படித்தான். வயதானால் மண்ணெண்ணெய் வாடை வரும், அது கெட்டுப்போனதல்ல. ஆனால் செமியோனைப் பார்த்து மெர்சோ சூடு போட்டுக்கொள்ள முடியாது. அது வேறு திராட்சை, வேறு கைப்பக்குவம், உங்கள் பெட்டியில் மூடியும் கார்க்.

இனி அந்த விற்றவர். "பழசு என்றாலே உயர்வு" என்பது இந்தத் தொழிலின் ஆதிப் புளுகு. உலகில் தயாராகும் வெள்ளை ஒயினில் பெரும்பங்கு இரண்டு மூன்று வருடத்துக்குள் குடிப்பதற்கே செய்யப்படுகிறது. விற்காமல் தேங்கியதை "முதிர்ந்தது" என்று தலையில் கட்டும் தரகர்களுக்குக் குறைவில்லை. நானும் ஒருமுறை "பாதாள அறையிலேயே இருந்தது" என்ற பேச்சை நம்பி ஒரு பெட்டி வாங்கி, பாதியைத் தொட்டியில் கொட்டினேன். இந்த மாதிரி ஆளிடம் கேட்க வேண்டியது: பாட்டிலில் அடைத்த நாளிலிருந்து இது எங்கே, யார் கையில், எத்தனை டிகிரியில் இருந்தது? 12, 13 டிகிரியில், இருட்டில், படுக்கவைத்து இருந்ததற்குத் தாள் காட்டினால் மேலே பேசுங்கள். கடை விளக்கு வெளிச்சத்தில் நிமிர்ந்து நின்ற பாட்டில் என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். மதிப்பு ஏறும் என்றால் அவரே அந்த நாலையும் திரும்ப வாங்கிக்கொள்ளட்டுமே. கேட்டுப் பாருங்கள், போனை எடுக்கமாட்டார்.

சட்டமாவது துணைக்கு வருமா என்றால் அதுவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 விழுக்காடும் அதற்கு மேலும் ஆல்கஹால் உள்ள பானத்துக்கு "இந்தத் தேதிக்குள் அருந்தவும்" என்று போட வேண்டியதே இல்லை. பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் தேதிகூட இதில் இருக்க வேண்டியதில்லை. லேபிளில் உள்ள 2014 திராட்சை பறித்த வருடம், அவ்வளவுதான். விமர்சகர்கள் எழுதும் "2030 வரை தாங்கும்" என்பதும் ஒரு ஊகம்; உங்கள் பாட்டிலின் கார்க்கை அவர்கள் பார்த்ததில்லை.

விருந்துக்கு எடுத்தால் இரண்டு பாட்டிலைக் குளிரவையுங்கள். விருந்தாளிகள் வருவதற்கு முன்பே ஒன்றைத் திறந்து ஒரு வாய் பாருங்கள். அது சரியாக இருந்தால் மற்றதைத் திரும்ப அலமாரியில் வைத்துக்கொள்ளலாம், ஒரு நாள் குளிர்ந்ததால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது.