மாத்திரை போட்டும் ராத்திரி மெல்ல முடியலைன்னா

மாத்திரையைச் சாப்பாட்டோட கொடுக்காதீங்க, முக்கால் மணி நேரம் முன்னாடி கொடுத்துப் பாருங்க. உங்கம்மாவுக்கு மயஸ்தீனியா, அதாவது தசையெல்லாம் சீக்கிரமே சோர்ந்து போற நோய், அதுக்குப் பிரிடோஸ்டிக்மின் மாத்திரை 60 மி.கி. மூணு வேளை, ஆனா ராத்திரி சோறு மெல்ல முடியலைங்கறீங்க. அந்த மாத்திரை வேலையை ஆரம்பிக்கவே அரை மணி, முக்கால் மணி ஆகும். மூணு நாலு மணி நேரத்துல இறங்கிடும். மதியம் ஒண்ணுக்குப் போட்டது ராத்திரி எட்டு வரைக்கும் எப்படிங்க நிக்கும்?

கோபியில எங்கப்பாவும் இப்படித்தான். அரிசிம்பருப்பு சாதம் ரெண்டு வாய் போனதும் தாடையைக் கையால தாங்கிப் பிடிச்சுக்குவாரு. நேரத்தை மாத்தினதும் தட்டு காலியாச்சு. (வயித்தைப் புடிச்சு இழுத்தா, மாத்திரையோட ரெண்டு பிஸ்கட் போதும்.)

ஒரு வாரம் நோட்டுல எழுதுங்க: மாத்திரை போட்ட நேரம், இமை தொங்கின நேரம். டாக்டர் அதைப் பார்த்துத்தான் வேளையைக் கூட்டணும். நீங்களா ஒண்ணு சேர்த்துக் கொடுத்துறாதீங்க, அளவு மிஞ்சினாலும் பலவீனம்தான் வரும், எச்சில் ஊத்தும், வயிறு போகும்.

சளிக்குன்னு மருந்துக்கடையில அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் வாங்கிடாதீங்க, ரெண்டும் இந்த நோயைக் கிளப்பி விட்டுரும். மூச்சு வாங்கினாலோ, குடிச்ச தண்ணி மூக்குல ஏறினாலோ, விடியட்டும்னு இருக்காம அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.