எந்த வாஷிங்டன் கடிதம்?

அமெரிக்கப் புரட்சிக் கால ஆவணங்களில் ஆய்வு செய்யும் வரலாற்றாசிரியர்கள் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்கள்.

கேள்வி: ஜார்ஜ் வாஷிங்டனின் ஒரே கடிதம் பழைய தொகுப்பில் ஒரு மாதிரியும் புதிய தொகுப்பில் வேறு மாதிரியும் இருக்கிறதே, எதை நம்புவது?

பழையது என்று நீங்கள் சொல்வது 1830களில் ஜாரெட் ஸ்பார்க்ஸ் பதிப்பித்த 12 தொகுதிகள் என்றால், அதை மூடி வைத்துவிடலாம். ஸ்பார்க்ஸ் கடும் உழைப்பாளிதான். ஆனால் தேசத்தின் தந்தை கொச்சையாக எழுதுவதை அவர் மனம் ஏற்கவில்லை. தளபதி புட்னமை வாஷிங்டன் 'ஓல்டு புட்' என்று எழுதியதை 'ஜெனரல் புட்னம்' ஆக்கினார். ஒரு தொகை தங்கள் தேவைக்கு வெறும் பூச்சிக்கடி என்றிருந்தது 'முற்றிலும் போதாது' என்று மாறியது. பதவியேற்புக்காகத் தயாராகி, கடைசியில் பேசப்படாத 73 பக்க உரையொன்று வாஷிங்டனின் கையெழுத்தில் இருந்தது. அதைத் துண்டு துண்டாக நறுக்கி, கையெழுத்து சேகரிப்பவர்களுக்கு ஸ்பார்க்ஸ் பகிர்ந்து கொடுத்துவிட்டார்.

பழியை அவர்மேல் மட்டும் போட முடியாது. 1750களில் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிரான போரின்போது எழுதிய கடிதங்களின் படிகளை வாஷிங்டனே 1780களில் எடுத்து வைத்துக்கொண்டு இலக்கணம் திருத்தியிருக்கிறார். இருபது வயதுக்காரரின் துடிப்பு என்று நாம் ரசிக்கும் வாக்கியம் ஐம்பது வயதுக்காரரின் திருத்தமாக இருக்கலாம்.

ஆகவே, பெற்றவர் கையில் போய்ச் சேர்ந்த பிரதி கிடைத்தால் அதற்கே முதலிடம். இல்லாவிட்டால் அனுப்புவதற்கு முன் எழுதிய வரைவு. அதுவும் இல்லையென்றால்தான் பதிவேட்டுப் படி, அதாவது அனுப்பிய கடிதங்களை ஏட்டில் நகலெடுத்து வைத்தது. 1968இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பதிப்பில் ஒவ்வொரு கடிதத்தின் கீழும் இது குறிக்கப்பட்டிருக்கும். 'ஏஎல்எஸ்' என்றால் அவரே எழுதிக் கையெழுத்திட்டது. 'எல்எஸ்' என்றால் எழுத்து உதவியாளருடையது, கையெழுத்து மட்டும் அவருடையது. 'எல்பி' என்பது பதிவேட்டுப் படி. போர்க்காலக் கடிதங்கள் பலவற்றை ஹாமில்டன் போன்ற உதவியாளர்கள்தான் எழுதினார்கள். ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வாஷிங்டனின் மனதை அளக்கப் புறப்படும் முன் இந்தக் குறியைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சுதந்திரப் பிரகடனத்தை எழுதி, பின்னாளில் அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் சொன்னதாகச் சுற்றி வரும் மேற்கோள்களை வீட்டிலிருந்தே சரிபார்க்க வழி உண்டா?

உண்டு, செலவும் இல்லை. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் 2013இல் திறந்த 'ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்' தளத்தில் தலைவர்களின் கடிதங்களை வரி வரியாகத் தேடலாம். முழு வாக்கியத்தையும் போட்டுத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். 18ஆம் நூற்றாண்டு எழுத்துக்கூட்டல் வேறு. 'பப்ளிக்' என்ற சொல்லின் கடைசியில் ஒரு 'கே' கூடுதலாக வரும். மேற்கோளில் எழுத்துக்கூட்டல் மாற வாய்ப்பில்லாத மூன்று, நான்கு சொற்களை மட்டும் மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் ஒரு சொல்லைக் குறைத்துப் பாருங்கள். 'எதிர்ப்புக் குரலே உயர்ந்த தேசபக்தி' என்பதை எத்தனை விதமாகத் தேடினாலும் ஜெஃபர்சனிடம் கிடைக்காது.

கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள், அடுத்த வாக்கியத்தையும் படியுங்கள். 'இம்மக்கள் விடுதலை பெறுவார்கள் என்பதைவிட உறுதியாக விதியின் ஏட்டில் எழுதப்பட்டது எதுவும் இல்லை' என்று கறுப்பின அடிமைகளைப் பற்றிய வரி வாஷிங்டன் நகரிலுள்ள ஜெஃபர்சன் நினைவகச் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1821இல் அவர் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் இதை ஒட்டியே வரும் வாக்கியம், இரண்டு இனங்களும் விடுதலை பெற்ற நிலையில் ஒரே அரசின் கீழ் வாழ முடியாது என்கிறது. சுவரில் அதற்கு இடமில்லை.

கேள்வி: சுதந்திரப் பிரகடனத்தில் ஜூலை 4 அன்றுதான் கையெழுத்திட்டார்களா?

இல்லை. 1776 ஜூலை 2 வாக்கெடுப்பு, ஜூலை 4 வாசகத்துக்கு ஒப்புதல். தோல் தாளில் எழுதப்பட்ட பிரதியில் பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்டு 2. ஜெஃபர்சனே முதுமையில் ஜூலை 4தான் என்று சாதித்தார்.

கேள்வி: அக்காலக் கணக்கேட்டிலுள்ள பவுண்டைப் பிரிட்டிஷ் பவுண்டாகவே எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்பது பொது, ஆனால் அதன் மதிப்புக்கு ஒவ்வொரு காலனியும் தனிக் கணக்கு வைத்திருந்தது. ஒரு ஸ்பானிய வெள்ளி டாலர் லண்டனில் 4 ஷில்லிங் 6 பென்ஸ். வர்ஜீனியாவிலும் நியூ இங்கிலாந்திலும் 6 ஷில்லிங், பென்சில்வேனியாவில் 7 ஷில்லிங் 6 பென்ஸ், நியூயார்க்கில் 8 ஷில்லிங். 1784இல் 'நீக்ரோக்களுக்கு' ஒன்பது பற்களுக்காக 6 பவுண்டு 2 ஷில்லிங் கொடுத்ததாக வாஷிங்டனின் கணக்கில் ஒரு பதிவு உண்டு. வர்ஜீனியா கணக்கில் இது 122 ஷில்லிங், அதாவது இருபது டாலருக்குச் சற்று மேல். லண்டன் கணக்கில் 4 பவுண்டு 11 ஷில்லிங் 6 பென்ஸ். நேரடியாக எடுத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

கேள்வி: ஜெஃபர்சன்–சாலி ஹெமிங்ஸ் விவகாரத்தை டிஎன்ஏ தீர்த்துவிட்டதா?

ஜெஃபர்சனின் அடிமையாக இருந்த சாலியின் பிள்ளைகளுக்கு அவரே தந்தையா என்பதை டிஎன்ஏ மட்டும் தீர்க்கவில்லை. ஜெஃபர்சனுக்கு மனைவி மூலம் ஆண் வாரிசு தங்கவில்லை. அதனால் 1998 சோதனையில் அவருடைய பெரியப்பா ஃபீல்டு ஜெஃபர்சனின் ஆண்வழி வாரிசுகளிடமிருந்து, தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் ஒய் குரோமோசோமை எடுத்தார்கள். சாலியின் கடைசி மகன் எஸ்டனின் வழித்தோன்றலோடு அது பொருந்தியது. ஜெஃபர்சனின் சகோதரி மகன்களான கார் சகோதரர்களே காரணம் என்று குடும்பத்தார் காலங்காலமாகச் சொல்லிவந்தது எஸ்டன் விஷயத்தில் அடிபட்டுப் போனது. ஆனால் இந்தச் சோதனையால் தாமஸ் ஜெஃபர்சனையும் அவருடைய தம்பியையும் பிரித்தறிய முடியாது.

அங்கே காகிதம் கைகொடுக்கிறது. ஜெஃபர்சன் அன்றாடச் செலவைக் குறித்துவைத்தவர், அதனால் எந்த நாளில் எங்கே இருந்தார் என்பது தெரியும். சாலியின் பிள்ளைகள் பிறந்த தேதிகள் பண்ணைக் கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு பிறப்புக்கும் ஒன்பது மாதம் பின்னால் எண்ணினால் ஜெஃபர்சன் தம் பண்ணை வீடான மான்டிசெல்லோவில்தான் இருக்கிறார். 1873இல் இன்னொரு மகன் மேடிசன், ஜெஃபர்சனே தம் தந்தை என்று ஓஹையோ செய்தித்தாளில் சொன்னதும் இதோடு சேர்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் வரலாற்றாசிரியர்கள் அந்த வாக்குமூலத்தை ஒதுக்கிவைத்ததற்கு, சொன்னவர் யார் என்பதைத் தவிர வலுவான காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: சாதாரணச் சிப்பாய்களைப் பற்றி எங்கே தேடுவது?

ஓய்வூதிய விண்ணப்பங்களில். 1800இல் போர்த் துறை அலுவலகம் எரிந்து முந்தைய தாள்கள் அழிந்தன. எஞ்சியவற்றில் வளமானவை 1832 சட்டத்தின்கீழ் வந்தவை: ஆறு மாதமாவது படையில் இருந்தவர் நீதிமன்றத்தில் தம் கதையைச் சொல்ல, எழுத்தர் எழுதிக்கொண்டார். ஐம்பது ஆண்டுக்குப் பிந்தைய நினைவு என்பதால் தேதிகள் பிசகும். தளபதியின் பெயரும் போன பாதையும் ஓரளவு நிற்கும். வறுமையை நிரூபிக்க 1820 முதல் சொத்துப் பட்டியல் கேட்டார்கள், அதனால் சில கோப்புகளில் பசு, கெட்டில், நாற்காலி வரை எண்ணிக்கையோடு இருக்கும். விதவைகளின் கோப்புகளைத் தவறவிடாதீர்கள். திருமணத்துக்குச் சான்றாகக் குடும்ப விவிலியத்தின் பக்கத்தையே கிழித்து இணைத்தவர்கள் உண்டு.