பல வருடம் நின்றுபோன பழைய புல்லட்டில் கரன்ட் வரவில்லை. வண்டி வேலைக்குப் புதியவன் நான். எங்கிருந்து ஆரம்பிப்பது?

தாத்தாவின் வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். பாயிண்ட் (காயிலுக்கான கரன்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்), கண்டன்சர் (பாயிண்டில் பொறி தாவாமல் தடுப்பது), காயில் (வோல்ட்டை ஏற்றுவது), பிளக் (இன்ஜினுக்குள் பொறி விடுவது) நான்கையும் மொத்தமாக மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள். நான் அப்படிச் செய்துதான் ஒரு மாதத்தை இழந்தேன்.

எங்கள் வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில். அப்பாவின் 350 புல்லட் அவர் போன பிறகு ஒன்பது வருடம் மாடிப்படிக்குக் கீழேயே நின்றது. 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா எங்கள் ஊர் ஆலையில் செய்த வண்டி. அதை வெளியூர் மெக்கானிக்கிடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. புதுப்பேட்டைக்குப் போய் நான்கு சாமானையும் புதிதாக வாங்கி வந்து ஒரே நாளில் மாட்டினேன். பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்து உதைத்துப் பார்த்தால் ஒரு பொறிகூட இல்லை. நான்கையும் ஒன்றாக மாற்றியதால் கோளாறு பழையதா, நான் கொண்டுவந்ததா என்பதே தெரியாமல் போனது.

பக்கத்துத் தெருவில் நாற்பது வருடம் புல்லட் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். வந்தவர் எதையும் கழற்றவில்லை. "ஏம்மா, முள்ளு இன்னா சொல்லுதுன்னு பாத்தியா?" என்று கேட்டார். ஹெட்லைட் டூம் மேல் இருக்கிற ஆம்பியர் மீட்டரைத்தான் கேட்கிறார்.

நீங்களும் அங்கிருந்தே ஆரம்பியுங்கள். முதலில் பேட்டரி நன்றாக இருக்க வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டால் முள் அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் மீட்டர் வேலை செய்கிறது. லைட்டை அணைத்துவிட்டு, சாவியை ஆன் செய்து, டீகம்ப்ரஷன் லிவரை (இன்ஜினுக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடுவது) பிடித்துக்கொண்டு கிக்கரைக் கையாலேயே மெல்ல அழுத்துங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரியிலிருந்து காயில் வழியாகக் கரன்ட் ஓடும், முள் மைனஸ் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் ஓட்டம் நிற்கும், முள் நடுவுக்குத் திரும்பும். இந்த வண்டியில் பாயிண்டைத் திறக்கும் கேம் (ஒரு பக்கம் மேடுள்ள சின்ன உருளை), இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு சுற்றுதான் சுற்றும். அதனால் முள் திரும்புவதை ஒருமுறை பார்க்கவே கிக்கரைச் சில தடவை அழுத்த வேண்டிவரும். பொறுமையாகச் செய்யுங்கள்.

முள் சாய்ந்து திரும்பினால் பாயிண்ட் வரைக்கும் எல்லாம் சரி. காயில், கண்டன்சர், பிளக் ஒயர், பிளக் பக்கம் போகலாம். முள் அசையவே இல்லையென்றால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது: சாவி சுவிட்ச், ஒயர் ஜாயின்ட், எர்த் (பேட்டரியின் ஒரு முனையை வண்டி பாடியோடு சேர்க்கும் இணைப்பு), அல்லது அழுக்கேறிய பாயிண்ட். முள் சாய்ந்தது சாய்ந்தபடியே நின்றால் பாயிண்ட் திறந்தும் கரன்ட் நிற்கவில்லை, எங்கோ பாடியைத் தொடுகிறது. எனக்கு இருந்தது இந்த மூன்றாவது.

மாமா பாயிண்ட் மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். அசையும் பாயிண்டின் ஸ்பிரிங், கண்டன்சர் ஒயர், காயிலிலிருந்து வரும் ஒயர் மூன்றும் ஒரே போல்ட்டில் சேரும். ஆனால் அந்த போல்ட் கீழே இருக்கிற தட்டைத் தொடக்கூடாது. அதற்காக நடுவில் சிவப்பு ஃபைபர் வாஷர், சட்டை பொத்தான் அளவுக்குச் சின்னது. நான் அதை நட்டுக்கு மேலே போட்டிருந்தேன். வாஷரை இடம் மாற்றி முறுக்கினார். சாவியைப் போட்டுக் கிக்கரை அழுத்தினேன், முள் சாய்ந்தது, கொஞ்சம் போனதும் நடுவுக்கு வந்தது. அந்த முள் திரும்பியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா இருந்தவரை தினம் காலையில் பார்த்த முள் அது.

அதனால் கழற்றும் முன் போட்டோ எடுங்கள், வாஷர் வரிசை தெரியும்படி கிட்டத்தில் எடுங்கள்.

நீங்கள் ராயபுரம், காசிமேடு பக்கம் இருந்தால் முதல் சந்தேகம் எர்த் மேல் வரட்டும். கடல் காற்றில் ஜாயின்ட்டுகள் களிம்பு பிடித்துப் பச்சையாகிவிடும். வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரிய வையுங்கள். எந்த முனை எர்த் என்று ஏற்கெனவே உள்ள ஒயரைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பழைய பிரிட்டிஷ் முறை வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு. வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதையும் பார்த்த பிறகே காயில் வாங்க வேண்டும்.

புதுப் பாயிண்ட் மேல் துரு பிடிக்காமலிருக்க ஒரு பூச்சு இருக்கும். தின்னரில் துணி நனைத்துத் துடைக்காவிட்டால் கரன்ட் ஓடாது. இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், பாயிண்ட் முழுதாகத் திறந்த நிலையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள். கேமைத் தொடும் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங்கும், அதாவது பொறி வரும் நேரமும், பின்தங்கும். கேம் மேல் நெல்மணி அளவு கிரீஸ் வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம், பாயிண்டில் தெறிக்கும்.

கண்டன்சர்தான் பாயிண்ட் திறக்கும் நொடியில் கரன்ட் அங்கே தாவாமல் ஏந்திக்கொள்கிறது. அப்போதுதான் காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பும். பாயிண்டிலேயே பளிச்சென்று பொறி பறந்தாலோ, வண்டி சூடானதும் நின்று ஆறினதும் ஸ்டார்ட் ஆனாலோ கண்டன்சரை மாற்றிப் பாருங்கள். இரண்டாவது கோளாறுக்குக் காயிலும் காரணமாகலாம். ஒன்றை மாற்றுங்கள், ஓட்டிப் பாருங்கள், பிறகு அடுத்தது.

டைமிங் வைக்கும்போது மட்டும் முதல் தடவை தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும். அட்வான்ஸ் கூடிவிட்டால், அதாவது பொறி ரொம்ப முன்கூட்டியே வந்தால், கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போய்விடும். இன்னொன்று, சாவியை ஆனில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். 12 வோல்ட் வண்டியில் பாயிண்ட் மூடிய நிலையில் நின்றால் 3, 4 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும், காயில் சுட்டுப்போகும். பிளக்கை வெளியே வைத்து உதைத்துப் பார்க்கும்போது பெட்ரோல் டேப்பை மூடிவிட்டுச் செய்யுங்கள்.

நான் கழற்றிப் போட்ட அப்பாவின் பழைய காயிலை மாமா சோதித்துப் பார்த்தார், அதில் ஒரு குறையும் இல்லை. இப்போது வண்டியில் ஓடுவது அதுதான்.