தொடாமலே இயங்கும் திரை: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கைப்பேசித் திரையைப் பற்றியவை. "டிஸ்ப்ளே போய்விட்டது, மாற்றியாக வேண்டும்" என்று கடையில் சொன்னதாக ஏறக்குறைய எல்லோருமே எழுதியிருக்கிறார்கள். நாம் திரை என்று ஒரே சொல்லில் குறிப்பிடுவது ஒரே பொருள் அன்று. மேலே காப்புக் கண்ணாடி, அதன் கீழே விரலை உணரும் தொடு அடுக்கு, அதற்கும் கீழே படத்தைக் காட்டும் ஒளிப்பலகை, இவற்றைக் கைப்பேசியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டுடன் சேர்க்கும் மெல்லிய நாடா இணைப்பு என்று பல பகுதிகள் அதில் உள்ளன. பழுது இவற்றுள் எதில் என்று அறிந்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக் கீழுள்ள பதில்களைப் படிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் என் கைப்பேசி, சில வாரங்களாக யாரும் தொடாமலே தானாக இயங்குகிறது. எழுத்துகள் தாமாக விழுகின்றன. செயலிகள் திறந்து மூடுகின்றன. ஒருநாள் நள்ளிரவில் என் மேலாளருக்கே அழைப்பு போய்விட்டது. பெரும்பாலும் இரவில் சார்ஜ் போட்டிருக்கும்போது இப்படி நடக்கிறது. வைரஸாக இருக்குமோ என்று அஞ்சுகிறேன். (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முந்தைய வரியிலேயே பாதி விடை இருக்கிறது. தொடு அடுக்கில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் அருகில் வரும்போது அந்தச் சந்திப்புகளில் தேங்கியிருக்கும் மின்னூட்டம் மிகச் சிறிதளவு மாறுகிறது. அந்த மாற்றத்தைத் தொடு அடுக்குக்குரிய சில்லு இடைவிடாமல் அளந்து, விரல் எங்கே இருக்கிறது என்று கணிக்கிறது. தரம் குறைந்த சார்ஜர்களில், மின்சாரத்துடன் கலந்து வரும் உயர் அதிர்வெண் இரைச்சலை வடிகட்டும் பாகங்கள் சரியாக இருப்பதில்லை. அந்த இரைச்சல் கேபிள் வழியாகக் கைப்பேசிக்குள் புகும்போது, சில்லு அதை விரல் என்றே எண்ணிவிடுகிறது.

ஆகவே முதற்சோதனை எளியது. தொல்லை நடந்துகொண்டிருக்கும்போதே சார்ஜரைக் கழற்றுங்கள். உடனே நின்றுவிட்டால், பவர் பேங்கில் இணைத்துப் பாருங்கள். பவர் பேங்க் வீட்டு மின் இணைப்பிலிருந்து விலகி நிற்பதால் அதில் அந்த இரைச்சல் வருவதில்லை. பவர் பேங்கில் ஒழுங்காக இருந்து சுவர்ச் சார்ஜரில் மட்டும் தொல்லை வந்தால், மாற்ற வேண்டியது சார்ஜரை, திரையை அன்று. பேருந்து நிலையத்தில் அவசரத்துக்கு வாங்கிய சார்ஜரை நான் ஆறு மாதம் பயன்படுத்தி, இதே தொல்லையைத் திரைக்கோளாறு என்று நம்பிக்கொண்டிருந்தேன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சார்ஜரைக் கழற்றிய பிறகும் தொடர்ந்தால் அடுத்த படிக்குச் செல்லலாம். டெம்பர்டு கிளாஸை உரித்துவிட்டு, திரையை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள். ஓரங்களில் ஈரமும் தூசியும் புகுந்த டெம்பர்டு கிளாஸ் இப்படிச் செய்வது உண்டு. பிறகு கைப்பேசியை சேஃப் மோடில் இயக்குங்கள். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், திரையில் தோன்றும் 'பவர் ஆஃப்' என்பதை விரலால் அழுத்திப் பிடித்தால் அந்த வசதி கிடைக்கும். நாம் நிறுவிய செயலிகள் எவையும் அந்த நிலையில் இயங்குவதில்லை என்பதால், அங்கே தொல்லை நின்றால் குற்றவாளி ஏதோ ஒரு செயலிதான். நிற்காவிட்டால் உங்கள் வைரஸ் அச்சத்தை விட்டுவிடலாம்.

இன்னும் நுட்பமாகப் பார்க்க ஒரு வழி உண்டு. செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதியில் உள்ள 'பில்ட் நம்பர்' என்பதை ஏழு முறை தட்டினால் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறக்கும். அதில் 'பாயின்டர் லொகேஷன்' என்பதை இயக்கினால், திரை உணரும் ஒவ்வொரு தொடுகையும் கோடாக வரையப்படும். கோடுகள் எப்போதும் ஒரே பட்டையில் விழுந்தால் தொடு அடுக்கோ அதன் இணைப்போ பழுதாகியிருக்கிறது. இடம் மாறி மாறிச் சிதறினால் ஈரம் அல்லது மின் இரைச்சல் என்று கருதலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கைப்பேசியைச் சமமான மேசை மீது மல்லாத்தி வைத்து, ஆடுகிறதா, திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அது திரையைப் பின்னாலிருந்து தள்ளி இதே போன்ற தொடுகைகளை உண்டாக்கும். அப்படியானால் மேலும் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், நீங்களே திறக்கவும் முயலாதீர்கள். அணைத்த நிலையில் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு செல்லுங்கள். உப்பிய பேட்டரியில் துளை விழுந்தால் தீப்பற்றும்.

சரியாகும்வரை, தானாக இயங்கத் தொடங்கியதும் கைப்பேசியை அணைத்துவிடுவது நல்லது. பூட்டுத் திரையில் தவறான எண்கள் தாமாக விழுந்துகொண்டே இருந்தால், அடுத்த முயற்சிக்கான காத்திருப்பு நேரம் கூடிக்கொண்டே போகும். பத்து முறை தவறினால் எல்லாவற்றையும் அழிக்கும் அமைப்பை ஐபோனில் இயக்கி வைத்திருப்பவர்கள் மேலும் கவனமாக இருக்க வேண்டும்.

கேள்வி: சாஃப்ட்வேர் அப்டேட் செய்த மறுநாள் காலை, திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு தோன்றிவிட்டது. கைப்பேசி ஒருமுறைகூடக் கீழே விழுந்ததில்லை. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதாகச் சொல்லிக் கைவிரித்துவிட்டார்கள். மீண்டும் ஓர் அப்டேட் வந்தால் கோடு மறையுமா? (ஒரு வாசகி, சென்னை)

பதில்: மறையாது என்றே நினைக்கிறேன், ஆயினும் அதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். கோடு தெரியும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வேறொரு கைப்பேசிக்கு அனுப்பிப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் என்பது கைப்பேசி தன் நினைவகத்தில் வரைந்த படம். ஒளிப்பலகையை அது படம் பிடிப்பதில்லை. எனவே அந்தப் படத்தில் கோடு இல்லையென்றால் மென்பொருள் சரியாகத்தான் வரைகிறது, பழுது ஒளிப்பலகையில் இருக்கிறது.

ஓலெட் திரைகளில் ஒரு வகையான அமோலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. அப்புள்ளிகளின் ஒவ்வொரு செங்குத்து வரிசைக்கும் 'இவ்வளவு ஒளிர்' என்ற கட்டளையைக் கொண்டு வருவது தலைமுடியைவிட மெல்லிய ஒரு தடம். அந்தத் தடத்தின் இணைப்பு விட்டுப்போனால், முழு வரிசையும் கட்டளையின்றி ஒளிர்ந்தபடியே நின்றுவிடும். பச்சையாக ஏன் தெரிகிறது என்றும் பலர் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலான அமோலெட் திரைகளில் பச்சைப் புள்ளிகள் தனி வரிசையிலும், சிவப்பும் நீலமும் ஒரே வரிசையில் மாறி மாறியும் அமைக்கப்பட்டிருக்கின்றன. பச்சை வரிசை பழுதானால் பச்சைக் கோடு. மற்றது பழுதானால் சிவப்பும் நீலமும் கலந்த இளஞ்சிவப்புக் கோடு.

அப்டேட்டுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அப்டேட் நடக்கும்போது கைப்பேசியின் மூளையான பிராசசர் சில்லு நெடுநேரம் சூடாக இயங்கும். ஏற்கெனவே தளர்ந்திருந்த இணைப்பு அந்தச் சூட்டில் விட்டுப்போக வாய்ப்பு உண்டு. கீழே விழாத, நீரில் நனையாத ஒரு கைப்பேசியில் இணைப்பு தளர்ந்தது யார் குறை என்பதுதான் நீங்கள் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி. அது நியாயமான கேள்வி என்பதில் எனக்கு ஐயமில்லை. பச்சைக் கோடு வந்த குறிப்பிட்ட சில மாடல்களுக்கு, உத்தரவாதக் காலம் முடிந்த பிறகும் திரையை இலவசமாக மாற்றித் தந்த நிறுவனங்கள் உண்டு. எனவே கவுன்டரில் வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாமல், பில், படங்கள், ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றுடன் மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். மறுப்பதானால் மறுப்பையும் எழுத்தில் பெறுங்கள்.

பதில் நிறைவளிக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நிறுவனத்தின் அலுவலகம் எங்கிருந்தாலும், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர இடம் தருகிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. வழக்குக்குக் காரணமான நிகழ்விலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: படகில் இருந்தபோது கைப்பேசி கடல்நீரில் விழுந்து, உடனே எடுத்துவிட்டோம். அரிசி மூட்டைக்குள் இரண்டு நாள் வைத்தபின் இயங்குகிறது. ஆனால் திரையின் மூலையில் கருமை படர்ந்து, நாளுக்கு நாள் பெரிதாகிறது. (ஒரு வாசகர், இராமேசுவரம்)

பதில்: அரிசி ஈரத்தை உறிஞ்சும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும், திறந்த இடத்தில் மின்விசிறிக் காற்றில் வைப்பதைவிட அது சிறந்ததன்று, அரிசித் தூள் சார்ஜிங் துளைக்குள் புகுந்து அடைக்கவும் செய்யும். ஐபோனை அரிசியில் வைக்க வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் வழிகாட்டுதலில் எழுதியிருக்கிறது. உங்கள் விஷயத்தில் பெரிய இடர் நீர் அன்று, உப்பு. நீர் உலர்ந்த பின்னும் உப்பு உள்ளேயே தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து, இணைப்புகளை அரித்துக்கொண்டே இருக்கும்.

படரும் கருமை, ஒளிப்பலகையைச் சுற்றியுள்ள காப்பு உடைந்து உள்ளே ஈரமும் காற்றும் செல்வதைக் காட்டுகிறது. ஓலெட் திரையின் கரிமப் பொருள்கள் அவை பட்டால் மடிந்துவிடும், மீளா. திரை மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் அதற்கு முன், இன்றே, கைப்பேசி இயங்கும்போதே அதிலுள்ள படங்களையும் எண்களையும் வேறிடத்தில் நகலெடுத்துக்கொண்டு அணைத்துவிடுங்கள். பிறகு கடையில் பிரித்து, மதர்போர்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் கொண்டு துடைக்கச் சொல்லுங்கள். போர்டைத் துப்புரவு செய்யாமல் புதுத்திரை போடுவது வீண் செலவு. அடுத்த முறை இப்படி நேர்ந்தால் இயக்கிப் பார்க்கும் ஆவலை அடக்கி, சார்ஜும் போடாமல், அன்றே பிரித்துத் துடைக்கக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: தென்னை நார்க் கயிறு திரிக்கும் வேலை செய்கிறேன். நான் தொட்டால் கைப்பேசி வேலை செய்வதில்லை. என் மகள் தொட்டால் செய்கிறது. திரையை மாற்ற மூவாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். (ஒரு வாசகி, பொள்ளாச்சி)

பதில்: அம்மா, அந்தப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். மகள் தொட்டு வேலை செய்யும் திரை பழுதான திரை அன்று. கயிறு திரித்துக் காய்ப்பேறிய விரலில் தோல் தடித்தும் உலர்ந்தும் இருக்கும். ஈரப்பசையுள்ள சதைக்கும் கண்ணாடிக்கும் நடுவே தொலைவு கூடிவிடுவதால் தொடு அடுக்கு உங்கள் விரலை உணரத் தடுமாறுகிறது. தடித்த டெம்பர்டு கிளாஸ் ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். செட்டிங்ஸில் 'டிஸ்ப்ளே' பகுதியில் 'டச் சென்சிடிவிட்டி' என்று இருந்தால் அதை மகளிடம் சொல்லி இயக்கச் செய்யுங்கள். விரல் நுனியால் குத்தாமல், பெருவிரலின் சதைப்பகுதி பரவலாகப் படும்படி தொடுங்கள். கையைக் கழுவித் துடைத்தவுடன் தொட்டால் எளிதாக இருக்கும். இவ்வளவுக்கும் பயன் இல்லையென்றால், ரப்பர் முனையுள்ள டச் பென் ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

கேள்வி: தொடுதிரை முற்றிலும் செயலற்றுவிட்டது, படம் மட்டும் தெரிகிறது. பத்தாண்டுக் குடும்பப் படங்கள் உள்ளே இருக்கின்றன. மெமரி சில்லைக் கழற்றி எடுத்துத் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். (ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: வேண்டாம். இன்றைய கைப்பேசிகளில் தரவுகள் மறையாக்கம் செய்யப்பட்டே சேமிக்கப்படுகின்றன. அவற்றைத் திறக்கும் சாவி அதே மதர்போர்டோடும் உங்கள் பூட்டு எண்ணோடும் பிணைந்திருப்பதால், கழற்றிய சில்லிலிருந்து படங்களைப் படிக்க இயலாது. படம் தெரிகிறது என்பது உங்கள் நல்வாய்ப்பு. சார்ஜிங் துளையில் மவுஸ் போன்றவற்றைச் செருக உதவும் ஓடிஜி இணைப்பான் ஒன்றை வாங்கி, கணினியில் பயன்படுத்தும் சாதாரண மவுஸைக் கைப்பேசியில் செருகுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் திரையில் அம்புக்குறி தோன்றும். அதைக் கொண்டே பூட்டைத் திறக்கலாம். பிறகு மவுஸைக் கழற்றாமலே படங்களை கூகுள் கணக்கில் பதிவேற்றிவிடலாம். வைஃபை வேகமாக உள்ள இடத்தில், பேட்டரி நிறைந்திருக்கும்போது இதைச் செய்யுங்கள். ஒரே துளை உள்ள கைப்பேசியில் மவுஸும் சார்ஜரும் ஒரே நேரத்தில் இணையா.

கேள்வி: திரை மாற்ற மூன்று கடைகளில் மூன்று விலை சொன்னார்கள். குறைந்த விலையில் மாற்றினேன். இப்போது கைரேகை வேலை செய்யவில்லை. ஏமாற்றப்பட்டேனா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: உங்களுக்குப் போட்டது எந்த வகை 'காம்போ' (கண்ணாடி, தொடு அடுக்கு, ஒளிப்பலகை சேர்ந்த திரைத் தொகுதி) என்பதைச் சொல்லாமல் போட்டிருந்தால், ஆம், ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். திரைக்கு அடியிலிருந்தே கைரேகையைப் படிக்கும் கைப்பேசிகள் பலவற்றில், ஓலெட் திரையின் ஒளி விரலில் பட்டுத் திரும்பி அத்திரையின் ஊடே உணரிக்குச் செல்கிறது. மலிவான மாற்றாகப் பொருத்தப்படும் எல்சிடி திரைக்குப் பின்னால் ஒளி புகாத விளக்குத் தகடு இருப்பதால், கைரேகை உணரி குருடாகிவிடும். அமைப்புகளை எவ்வளவு மாற்றினாலும் சரியாகாது. கடைக்காரரிடம் திரும்பச் சென்று கேட்பதே வழி.

இனி மாற்றுபவர்கள், ஓலெட்டா எல்சிடியா, அசலா நகலா, எத்தனை மாத உத்தரவாதம் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். பசை போட்டு ஒட்டுவதற்கு முன்பே புதிய திரையை இணைத்துக் காட்டச் சொல்லி, வெள்ளைப் பின்னணியில் கறை தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு செயலிப் படத்தை விரலால் பிடித்துத் திரையின் எல்லா மூலைகளுக்கும் இழுத்துப் பாருங்கள். அழைப்பின்போது காதருகே கொண்டுபோனால் திரை அணைகிறதா என்றும் பாருங்கள். ஒருமுறை பிரித்த கைப்பேசி முன்போல் நீரைத் தாங்கும் என்று நம்பாதீர்கள். பழைய திரையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி மட்டும் உடைந்து உள்ளே ஒளிப்பலகை நன்றாக இருந்தால், அதற்குக் கடைகளில் விலை உண்டு.