உப்பு மண்ணில் துளசி வாசம்: கேள்வி பதில்

மியான்மரின் ஐராவதி டெல்டா, பியாப்போன் பக்கத்திலிருந்து ஒரு தங்கை: ஐயா, கோடையில் எங்கள் தோட்டத்துத் துளசி இலை சிறுத்துப்போகிறது, ஆனால் வாசம் தூக்கலாக இருக்கிறது. உப்பு மண்ணில் மருந்துக் குணம் கூடும் என்கிறார்களே?

பதில்: பாதிதான் உண்மை அம்மா. துளசி எண்ணெய் இலையின் மேல்தோலில் உள்ள குட்டிச் சுரப்பிகளில் இருக்கிறது. பூதக்கண்ணாடியால் பாருங்கள், மினுங்கும் புள்ளிகளாகத் தெரியும். மண்ணில் உப்பு ஏறினால் வேர் தண்ணீர் இழுக்கத் திணறும், இலை விரியாது. சின்ன இலையில் சுரப்பிகள் நெருங்கி நிற்பதால் கசக்கினால் குப்பென்று மணக்கும். மிதமான உப்பில் எண்ணெய் விகிதம் கூடுவதும் உண்டு. ஆனால் விளைச்சலைப் பாருங்கள். கணக்குக்குச் சொல்கிறேன்: 100 கிலோ இலையில் 0.5 சதவீதம் என்றால் 500 கிராம் எண்ணெய். உப்பால் இலை 60 கிலோவாகி, விகிதம் 0.6 ஆனாலும் 360 கிராம்தான். அப்புறம், எண்ணெயில் உள்ள யூஜெனால், லினலூல் போன்ற வாசப்பொருட்களின் பங்கும் மாறும். எது கூடும், எது குறையும் என்பது இரகத்துக்கு இரகம் வேறு. அதனால் வாசத்தை மட்டும் நம்பி மருந்துக்கு எடுக்காதீர்கள்.

அதே தங்கை: அப்போ புதினா?

பதில்: உப்பு ஆகாது. தொட்டியில் வைத்து மழைத்தண்ணீர் ஊற்றுங்கள்.

லபுட்டாவிலிருந்து ஒரு தம்பி: 2008 நர்கிஸ் புயலில் கடல் ஏறிய நிலம் அண்ணே. அந்த உப்புதான் இன்னும் படுத்துகிறதா?

பதில்: இல்லை தம்பி. ஐராவதி டெல்டாவில் ஆண்டுக்கு 2500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, அது எப்போதோ கழுவிவிட்டிருக்கும். இப்போது வருவது கோடை உப்பு. மழை நின்று ஆற்றில் நல்ல தண்ணீர் குறைந்ததும் கடல்நீர் உள்ளே ஏறுகிறது. அடிமண் ஈரம் மேலே வந்து ஆவியாகி, உப்பை மட்டும் வெள்ளையாக விட்டுப்போகிறது. மழைக்கடைசியில் நட்டு, அந்த வெள்ளை படிவதற்குள் அறுத்துவிடுங்கள். வைக்கோல் மூடாக்கு போட்டால் ஈரம் ஆவியாவது குறையும்.

மோல்மேனிலிருந்து ஓர் அக்கா: ஜிப்சம் போட்டால் சரியாகுமா?

பதில்: சோடியம் மிகுந்த களர் மண்ணுக்குத்தான் ஜிப்சம் அக்கா. உப்பு மட்டும் ஏறிய வெறும் உவர் மண்ணுக்கு அது வீண் செலவு. வாய்க்கால் வெட்டி, நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்தால்தான் உப்பு இறங்கும். அதற்கு வழியில்லை என்றால் வெட்டிவேர் நடுங்கள். மண்ணின் உப்பை மண்சாற்றின் மின்கடத்துதிறனால் அளப்பார்கள்; அது மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே உவர் மண் என்பார்கள். வெட்டிவேர் 8 வரைகூடப் பெரிதாக வாடாது. எண்ணெய் வேரில் இருப்பதால் இலை நுனி கொஞ்சம் கருகினாலும் கவலைப்படாதீர்கள்.